வெளிநாட்டுப் பழைய கார்: வாங்கும் விலை ஒன்று, சாலைக்கு வரும் விலை வேறு

வாகனச் செலவு பற்றிப் பேச்சு எழுந்தாலே நம் மக்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "இங்கே கார் விலை இப்படி ஏறிக்கொண்டே போகிறதே! ஜப்பானிலோ இங்கிலாந்திலோ இரண்டு வருடம் ஓடிய நல்ல கார் ஒன்றை மலிவாக வாங்கி, கப்பலில் ஏற்றிச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தால் என்ன?" என்பதுதான் அந்தக் கேள்வி. வெளிநாட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் குடும்பத்துடன் திரும்பும் சிலர், "அங்கே ஓட்டிய காரையே கொண்டுவந்துவிடலாமே" என்று நினைப்பதும் உண்டு.

கொண்டுவரலாம். சட்டம் தடுக்கவில்லை. ஆனால், "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த விஷயத்துக்கு அப்படியே பொருந்தும். காரின் விலையை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பிவிட்டு, பிறகு வரிக் கணக்கைப் பார்த்து விழிப்பதைவிட, முதலிலேயே பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்வது நல்லது. அந்தக் கணக்கை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

எந்தக் கார் வரலாம்?

வரிக்கு முன்னால் தகுதி. சிங்கப்பூரில் பதிவு செய்யும் நாளில், வெளிநாட்டிலிருந்து வரும் பழைய காரின் வயது மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். அந்த வயது, கார் வெளிநாட்டில் முதன்முதலாகப் பதிவான நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. நீங்கள் அதை வாங்கிய நாளோ கப்பல் புறப்பட்ட நாளோ கணக்கில் வராது.

ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். அதனால் ஐரோப்பியக் கண்டத்திலும் அமெரிக்காவிலும் சாதாரணமாக விற்கும் கார்கள் நமக்கு ஆகாது. ஜப்பான், பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளே மிஞ்சும். இவற்றோடு, காரின் புகையும் சத்தமும் நிலப் போக்குவரத்து ஆணையம் விதித்துள்ள அளவுக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் கார்களுக்கு 2017 செப்டம்பர் முதலும், டீசல் வாகனங்களுக்கு 2018 ஜனவரி முதலும் இங்கே யூரோ 6 தரம் நடைமுறைக்கு வந்தது.

ஜப்பானிலிருந்து மலிவாகக் கார் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த நாட்டில் 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனை இருக்கிறது. புதிய காருக்கு முதல் பரிசோதனை மூன்றாம் ஆண்டில் வரும். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பரிசோதனைச் செலவும் அதனுடன் சேர்ந்து கட்ட வேண்டிய வரியும் அதிகம் என்பதால், பலர் அதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ காரை விற்றுவிடுகிறார்கள். ஏலத்துக்கு அதிகமாக வந்து குவிவது மூன்று வயதும் அதற்கு மேலும் ஆன கார்களே. அந்த மலிவுக் கார்கள் வேறு நாடுகளுக்குப் போகும். நமது மூன்று வயது வரம்பு அவற்றுக்குக் கதவைச் சாத்திவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது இரண்டு வயதுக் கார். அதன் விலை அவ்வளவாகக் குறைந்திருக்காது.

எல்லா வரிக்கும் அடித்தளம் ஓஎம்வி

சிங்கப்பூரில் கார் வரிகளைப் புரிந்துகொள்ள ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் போதும். அதுதான் ஓஎம்வி எனப்படும் பொதுச் சந்தை மதிப்பு. இதை முடிவு செய்வது சுங்கத்துறை. காருக்கு நீங்கள் கொடுத்த விலை, கப்பல் கட்டணம், காப்புறுதி, காரை விற்று இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஆகும் மற்றச் செலவுகள் எல்லாம் சேர்ந்ததே ஓஎம்வி. கப்பல் கட்டணம் தனி, காரின் மதிப்பு தனி என்று பலர் எண்ணுகிறார்கள். வரி போடும்போது இரண்டும் ஒன்றுதான்.

ஒரு எடுத்துக்காட்டு. காரின் விலை நம் பணத்தில் 27,000 வெள்ளி. கப்பல் கட்டணமும் காப்புறுதியும் சேர்த்து 3,000 வெள்ளி. ஆக ஓஎம்வி 30,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, கலால் வரி. ஓஎம்வியில் 20 விழுக்காடு. அதாவது 6,000 வெள்ளி.

இரண்டாவது, பொருள் சேவை வரி. 2024 ஜனவரி முதல் இது 9 விழுக்காடு. காரின் மதிப்புக்கு மட்டுமின்றிக் கலால் வரிக்கும் சேர்த்தே இது கணக்கிடப்படுகிறது. 36,000 வெள்ளிக்கு 9 விழுக்காடு என்றால் 3,240 வெள்ளி. வரிக்கு மேல் வரி என்பது இதுதான்.

மூன்றாவது, ஏஆர்எஃப் எனப்படும் கூடுதல் பதிவுக் கட்டணம். இதுதான் பெரிய தொகை. இது 2013 முதல் படிப்படியாக ஏறும் முறையில் வசூலிக்கப்படுகிறது. 2023 வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகு உள்ள படிகள் இவை: ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190, அதற்கடுத்த 20,000க்கு 250, 80,000 வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கு 320 விழுக்காடு. நம் எடுத்துக்காட்டில் முதல் 20,000க்கு 20,000 வெள்ளி, மீதி 10,000க்கு 14,000 வெள்ளி. மொத்தம் 34,000 வெள்ளி.

நான்காவது, பதிவுக் கட்டணம் 350 வெள்ளி.

ஐந்தாவது, பழைய காருக்கு மட்டுமே உரிய கூடுதல் கட்டணம் 10,000 வெள்ளி. புதுக் காருக்கு இது கிடையாது. பழையதைக் கொண்டுவருவதற்காகவே கட்டும் தொகை இது.

இந்த ஐந்தையும் கூட்டினால் 53,590 வெள்ளி. காரின் மதிப்பான 30,000 வெள்ளியையும் சேர்த்தால் 83,590 வெள்ளி ஆகிறது.

இன்னும் கார் சாலைக்கு வரவில்லை. சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். புதியதோ பழையதோ, இங்கே பதிவாகும் எந்தக் காருக்கும் அது தேவை. கணக்குக்காக 100,000 வெள்ளி என்று வைத்தால், மொத்தம் 183,590 வெள்ளி. ஆரம்பத்தில் நம் கண்ணில் பட்ட விலை 27,000 வெள்ளி என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு மேல் வாகன மாசு வெளியேற்றத் திட்டம் ஒன்று இருக்கிறது. புகை அதிகம் விடும் காருக்கு அதன்கீழ் ஆயிரக்கணக்கில் கூடுதல் கட்டணம் வரும். இதன் அளவுகள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. ஆகவே உங்கள் கார் எந்தப் பிரிவில் வரும் என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

கப்பல் கட்டணத்துக்கும் வரி

மேலே சொன்ன கணக்கில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கப்பலுக்கும் காப்புறுதிக்கும் கொடுத்த 3,000 வெள்ளி இல்லாமல், ஓஎம்வி வெறும் 27,000 என்று வைத்துக் கணக்குப் போட்டால், கலால் வரி, பொருள் சேவை வரி, கூடுதல் பதிவுக் கட்டணம் மூன்றும் சேர்ந்து 38,116 வெள்ளி வரும். 30,000 என்றால் 43,240 வெள்ளி. ஆக, 3,000 வெள்ளி சுமைகூலி தன்னோடு 5,124 வெள்ளி வரியையும் இழுத்து வருகிறது.

ஓஎம்வி 20,000க்கும் 40,000க்கும் இடைப்பட்டதாக இருந்தால், அதில் கூடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் சுமார் 1 வெள்ளி 70 காசு வரி கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் பேரம் பேசி 5,000 வெள்ளி குறைத்தால் உங்களுக்கு மிச்சம் 5,000 மட்டுமில்லை. வரியிலும் 8,540 வெள்ளி குறைகிறது. மாறாக, "இன்னும் கொஞ்சம் போட்டால் பெரிய கார் கிடைக்குமே" என்று ஆசைப்பட்டால் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் ஏறும். ஓஎம்வி 60,000 வெள்ளி உள்ள காருக்கு இதே ஐந்து இனங்களும் சேர்ந்து 114,830 வெள்ளி. மதிப்பு இருமடங்கானால் வரி இருமடங்கைத் தாண்டுகிறது.

"அப்படியானால் ரசீதில் விலையைக் குறைத்துப் போட்டுவிடலாமே" என்று சிலர் வழி சொல்வார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம். மதிப்பைக் குறைத்துக் காட்டி வரி ஏய்ப்பது குற்றம். ஏய்த்த வரியைப்போல் 20 மடங்கு வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். பெயர் உங்களுடையது; மாட்டிக்கொள்வதும் நீங்கள்தான், வழி சொன்னவர் இல்லை.

புதுக் காருடன் ஒப்பிட்டால்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இரண்டு வயதுக் காருக்குப் பதில் அதே ரகத்தில் புதுக் காரைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? புதுக் காரின் ஓஎம்வி 36,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கலால் வரி 7,200, பொருள் சேவை வரி 3,888, கூடுதல் பதிவுக் கட்டணம் 42,400, பதிவுக் கட்டணம் 350. வரியும் கட்டணமும் 53,838 வெள்ளி. காரின் மதிப்பையும் சேர்த்தால் 89,838 வெள்ளி.

பழைய காருக்கு நாம் கண்ட தொகை 83,590. வித்தியாசம் 6,248 வெள்ளிதான். சிஓஇ இரண்டுக்கும் ஒன்றே. ஏறக்குறைய 190,000 வெள்ளி செலவில் 6,000 வெள்ளியைச் சேமிக்க, வேறொருவர் இரண்டு ஆண்டு ஓட்டிய காரை வாங்கியிருப்போம்.

விற்பனை நிறுவனத்தின் இலாபம் புதுக் கார்க் கணக்கில் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடையில் சொல்லும் விலையில் அது சேர்ந்திருக்கும். ஆனால் பழைய காரைத் தேடி, வாங்கி, அனுப்பி, சோதனைக்கு உட்படுத்திப் பதிவு செய்து தருபவருடைய கட்டணமும் நம் கணக்கில் இல்லை. ஆகவே இருவரிடமும் எல்லாம் உட்பட்ட விலையை எழுத்தில் வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். காரின் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

காருக்கு வயதாகிறது, வரிக்கு வயதாவதில்லை. இதுதான் சாரம்.

ஏன் இப்படி?

சிங்கப்பூரின் நிலம் சிறியது. சாலையில் எத்தனை கார் ஓடலாம் என்பதை 1990 மே மாதம் தொடங்கிய வாகன ஒதுக்கீட்டு முறை தீர்மானிக்கிறது. 2018 பிப்ரவரி முதல் கார்களின் எண்ணிக்கை வளர்ச்சி பூஜ்யம் விழுக்காடு என்று வைக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பழைய காரும் அந்த ஒதுக்கீட்டில் ஓர் இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்துக்குப் பழைய வண்டிகள் போட்டியிட்டால் சாலையில் வயதான கார்களும் புகையும் கூடும். 10,000 வெள்ளி கூடுதல் கட்டணமும் மூன்று வயது வரம்பும் அதற்குப் போட்ட வேலி.

சிஓஇ விலை எப்படி ஆடும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சிஓஇ 2 வெள்ளிக்கு இறங்கியது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 150,001 வெள்ளியைத் தொட்டது. கார் கப்பலில் வந்துகொண்டிருக்கும்போதே உங்கள் திட்டத்தின் மிகப் பெரிய செலவு கூடலாம், குறையலாம். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நாள்காட்டியைப் பார்த்து வாங்குங்கள்

பணக் கணக்கைப்போல் நாள் கணக்கும் முக்கியம். வெளிநாட்டில் வாங்கிய கார் துறைமுகத்துக்குப் போக வேண்டும். அங்கே ஏற்றுமதிக்கான பதிவு நீக்கம் செய்ய வேண்டும். கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். பயணம் முடிந்து பாசிர் பாஞ்சாங் முனையத்தில் இறங்க வேண்டும். சுங்கத்துறை அனுமதி வாங்க வேண்டும். பிறகு பரிசோதனை. பிறகு சிஓஇ ஏலம். ஏலம் மாதம் இரண்டு முறைதான் நடக்கும். கேட்ட விலைக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஏலத்தில் சேரவே 10,000 வெள்ளி வைப்புத்தொகை வேண்டும்.

வாங்கும்போது காருக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும் ஆகியிருந்தால் உங்களிடம் இருப்பது நான்கு மாதம்தான். சோதனையில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டுப் பாகம் ஒன்றை வரவழைக்க நேர்ந்தால், அல்லது ஏலத்தில் இரண்டு முறை தவறினால், மூன்றாவது பிறந்தநாள் வந்துவிடும். அதன்பின் அந்தக் காரை இங்கே பதிவு செய்ய முடியாது. திரும்பக் கப்பல் ஏற்றி வேறு நாட்டுக்கு விற்பதைத் தவிர வழி இருக்காது. வாங்கிய விலை, போக வரக் கப்பல் செலவு, நிறுத்திவைத்த வாடகை எல்லாம் கைக்காசு. இரண்டு வயதைத் தாண்டிய காரைத் தொடாமல் இருப்பது பாதுகாப்பு.

காரின் நிலையை எப்படி அறிவது?

கண்ணால் பார்க்காத காரை வாங்குகிறோம். ஜப்பானிய ஏலக் கூடங்களில் ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆய்வுத்தாள் உண்டு. காரின் தரத்தை எண்ணால் குறித்திருப்பார்கள். கீறல், நசுங்கல் எங்கே என்று வரைபடத்தில் காட்டியிருப்பார்கள். தர எண் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' என்ற எழுத்து இருந்தால், விபத்துக்குப் பிறகு பழுதுபார்க்கப்பட்ட கார் என்று பொருள். மொழிபெயர்ப்பை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தி அடையாதீர்கள். மூலத் தாளையும் கேட்டு வாங்குங்கள். ஓடிய தூரத்தைப் பராமரிப்புக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில்லறை விஷயங்களிலும் செலவு உண்டு. ஜப்பானிய உள்நாட்டுக் கார்களில் திரையும் வழிகாட்டியும் ஜப்பானிய மொழியில் பேசும். அந்த நாட்டின் பண்பலை வரிசை நம்முடையதைவிடத் தாழ்ந்தது. பல கார்களின் வானொலி 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். காலையில் வேலைக்குப் போகும்போது ஒலி 96.8 கேட்க வேண்டுமானால் வானொலியை மாற்ற வேண்டியிருக்கும்! மின்சாரக் கார் என்றால் இன்னும் கவனம் தேவை. ஜப்பானில் விரைவு மின்னேற்றத்துக்கு 'சாடெமோ' முறை பரவலாக இருக்கிறது. சிங்கப்பூரின் பொது மின்னேற்ற நிலையங்கள் 'டைப் 2', 'சிசிஎஸ் 2' என்ற முறைகளில் அமைந்தவை. செருகி பொருந்தாவிட்டால் கார் எவ்வளவு மலிவாக இருந்து என்ன பயன்?

உத்தரவாதமும் இங்கே வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் விற்ற காருக்கு இங்குள்ள அதிகாரபூர்வ முகவர் உத்தரவாதம் தருவாரா, பாகங்கள் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் அதே காரைக் குறிப்பிட்டு விலை கேளுங்கள்.

கடற்பாலத்துக்கு அப்பால்

நம் வாசகர்கள் பலருக்கு ஜோகூரிலும் கோலாலம்பூரிலும் உறவினர்கள் உண்டு. அங்கே 'ரீகொண்ட்' கார் என்ற பெயரில் ஜப்பானிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் பழைய கார்கள் ஏராளமாக வருகின்றன. அந்த நாட்டின் முறை வேறு. சிஓஇ இல்லை, பதிலாக ஏபி எனப்படும் இறக்குமதி அனுமதி வேண்டும். நிறுவனங்கள் பெறும் பொது ஏபிக்கு 2010 முதல் காருக்கு 10,000 ரிங்கிட் கட்டணம் விதிக்கப்பட்டது. அந்த வழியில் வரும் காருக்கு வயது ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை.

வெளிநாட்டில் படித்துவிட்டோ வேலை பார்த்துவிட்டோ திரும்பும் மலேசியர், தம் சொந்தக் காரைக் கொண்டுவரத் தனியார் ஏபிக்கு மனுச் செய்யலாம். குறைந்தது ஓராண்டு வெளிநாட்டில் சட்டப்படி தங்கியிருக்க வேண்டும்; கார் குறைந்தது ஒன்பது மாதம் அவர் பெயரில் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. ஊர் திரும்பும் அவசரத்தில் கடைசி மாதத்தில் கார் வாங்குபவர்களுக்கு இந்த வழி கிடையாது.

வரி அங்கேயும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். சுங்கத்துறை ஏற்கும் மதிப்பு 50,000 ரிங்கிட் என்று கொள்வோம். 30 விழுக்காடு இறக்குமதி வரி 15,000. அந்த இரண்டும் சேர்ந்த 65,000க்குக் கலால் வரி. எஞ்சின் பெரிதாக ஆக இது 105 விழுக்காடு வரை போகும். 75 விழுக்காடு என்று வைத்தால் 48,750. இவை எல்லாவற்றுக்கும் மேல் 10 விழுக்காடு விற்பனை வரி 11,375. ஆக வரி மட்டும் 75,125 ரிங்கிட். காரின் மதிப்பைவிட ஒன்றரை மடங்கு!

நேயர்கள் கேட்கும் சில கேள்விகள்

கே: குடும்பத்தோடு நிரந்தரமாகத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களுக்கு வரிச் சலுகை உண்டே, கார் அதில் சேராதா?

ப: சேராது. பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுக்குத் தரப்படும் சலுகையில் மோட்டார் வாகனம், மது, புகையிலை ஆகியவை அடங்கமாட்டா. கட்டில், பீரோ வரலாம். கார் வரி கட்டித்தான் வர வேண்டும்.

கே: தாராள வர்த்தக உடன்பாடு உள்ள நாட்டிலிருந்து கொண்டுவந்தால் வரி குறையுமா?

ப: குறையாது. அந்த உடன்பாடுகள் நீக்குவது இறக்குமதித் தீர்வையை. சிங்கப்பூர் காருக்கு விதிப்பது கலால் வரி. அது எந்த நாட்டுக் காருக்கும் ஒன்றே.

கே: மலேசிய எண் உள்ள காரை உறவினர் பெயரில் வைத்துக்கொண்டு இங்கே ஓட்டலாமா?

ப: கூடாது. சிங்கப்பூரில் வசிக்கும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பதிவான காரை இங்கே வைத்திருக்கவோ ஓட்டவோ அனுமதி இல்லை. "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது நீதிமன்றத்தில் செல்லாது.

கே: முழுத் தொகைக்கும் வங்கிக் கடன் கிடைக்குமா?

ப: கிடைக்காது. நாணய வாரிய விதிப்படி, ஓஎம்வி 20,000 வெள்ளியைத் தாண்டினால் வாங்கும் விலையில் 60 விழுக்காடு வரைதான் கடன். அதற்குள் இருந்தால் 70 விழுக்காடு. தவணை ஏழு ஆண்டுக்கு மேல் போகாது. நம் எடுத்துக்காட்டில் 183,590 வெள்ளி என்றால் 73,000 வெள்ளிக்கு மேல் கையிலிருந்து போட வேண்டும். அதோடு, வெளிநாட்டு விற்பனையாளருக்குத் தரும் பணமும் இறங்கும்போது கட்டும் வரியும் கார் பதிவாவதற்கு முன்பே தேவைப்படும்.

கே: தாத்தா காலத்துப் பழைய காரைக் கொண்டுவர ஆசை. முடியுமா?

ப: 35 வயதைத் தாண்டிய பழம்பெரும் கார்களுக்குத் தனித் திட்டம் உண்டு, மூன்று வயது வரம்பு அவற்றுக்கு இல்லை. ஆனால் ஆண்டில் 45 நாள்தான் ஓட்டலாம். ரசிப்பவர்களுக்கு அது சரி. பிள்ளைகளைப் பள்ளியில் விட உதவாது.

முன்பணம் அனுப்புமுன்

யாருக்கு இது பயன்படும்? இங்கே விற்பனைக்கு வராத ஒரு ரகத்தையோ தனித்த வசதி கொண்ட ஒரு காரையோ விரும்புபவர்களுக்கு, செலவு தெரிந்தே செய்தால் சரி. மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் செய்பவர்களுக்கு இது பெரும்பாலும் ஏமாற்றம்தான். அவர்கள் இங்கேயே பதிவான பழைய காரைப் பார்ப்பது நல்லது. அதற்குக் கட்ட வேண்டிய கலால் வரியும் கூடுதல் பதிவுக் கட்டணமும் முதல் உரிமையாளர் கட்டிவிட்டவை. 10,000 வெள்ளி கூடுதல் கட்டணமும் இல்லை. சிஓஇ இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதை வைத்து, விலையை அந்த ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால் ஓர் ஆண்டுக்கு என்ன செலவு என்பது தெரிந்துவிடும்.

அப்படியும் வெளிநாட்டுக் கார்தான் வேண்டும் என்றால், நான்கு விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, முதல் பதிவு நாளைக் காட்டும் ஆவணத்தின் நகலை வாங்கி, மூன்று ஆண்டு முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, கப்பலும் காப்புறுதியும் சேர்த்து ஓஎம்வியைக் கணக்கிட்டு, ஐந்து இனங்களையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். மூன்று, அந்தக் கார் புகை, சத்தச் சோதனைகளில் தேறும் என்பதற்கான சான்று இருக்கிறதா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளோடு ஒப்பிடுங்கள். நான்கு, இடையில் ஒருவர் செய்து தருவதாகச் சொன்னால், பதிவாகாமல் போனால் பணம் யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஒரு குடும்பத்துக்கு வீட்டுக்கு அடுத்தபடியான பெரிய செலவு பெரும்பாலும் கார்தான். பிள்ளைகளின் படிப்புக்கும் பெற்றோரின் மருத்துவத்துக்கும் ஒதுக்கிய பணம் துறைமுகத்தில் நிற்கும் ஒரு வண்டியில் முடங்கிவிடக் கூடாது. ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள். அதற்குப் பிறகும் மனம் அந்தக் காரையே கேட்டால், தாராளமாகக் கொண்டுவாருங்கள்.